உப்பிய பேட்டரி, ஒட்டிய போன்: நாலு ரோடு பக்கம் ஒரு நல்ல சர்வீஸ் கடை

ஏற்காட்டில் இருப்பவர்களுக்குப் போன் பழுதென்றால் சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும். என் போனில் பேட்டரி உப்பி, பின்பக்கக் கண்ணாடி ஒரு ஓரமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. முதலில் காட்டிய கடையில் போனை வாங்கிய கையோடு பிளேடை எடுத்தார்கள், வேண்டவே வேண்டாமென்று திரும்ப வாங்கிக்கொண்டேன். லித்தியம் பேட்டரியில் இரும்பு முனை குத்தினால் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும்.

அப்புறம் போனதுதான் சேலம் நாலு ரோடு பக்கம் உள்ள இந்தச் சின்னக் கடை. அங்கிருந்த தம்பி முதலில் கேட்டதே சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்றுதான். "கால்வாசிக்குக் கீழ எறங்கட்டுங்ணா, அப்புறம் தொறக்கலாம்" என்றார். சார்ஜ் குறைவாக இருந்தால் தீப்பிடிக்கும் அபாயமும் குறைவு என்பதால், எனக்கு அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது. வழக்கமாகப் பசையால் ஒட்டி மூடிய போனை 80 டிகிரி வாக்கில் சூடாக்கிப் பசையை இளக்குவார்கள், ஆனால் உப்பிய பேட்டரிக்குச் சூடு ஆகாது என்பதால் இவர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஊசியில் எடுத்து இடுக்கில் சொட்டுச் சொட்டாக விட்டு, பசை இளகும்வரை பொறுத்திருந்து, சக்‌ஷன் கப்பால் லேசாகத் தூக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சுற்றிலும் ஓட்டினார். தகடு சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகவில்லை. எந்தப் பக்கம் ரிப்பன் கேபிள் (உள்பாகங்களை இணைக்கும் மெல்லிய தட்டை வயர்) ஓடுகிறது என்று அந்த மாடலின் படத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டார், பலர் அறுத்துவிடுவது அதைத்தான். பேட்டரியும் அடியில் ஒட்டித்தான் இருந்தது, அதையும் நெம்பாமல் அதே திரவத்தை விட்டே கிளப்பினார். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.

மூடும்போது பழைய பசையை முழுக்கச் சுரண்டித் துடைத்துவிட்டு அந்த மாடலுக்கென்று வெட்டிய புதுப் பசைத்தாளை ஒட்டினார், இனி தண்ணீர் புகாது என்று உறுதி சொல்ல முடியாது என்பதையும் அவரே சொன்னார். மலையில் பனியிலும் சாரலிலும் போனை வைத்துக்கொண்டு திரிகிற எங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

குறை என்றால் நேரம்தான், ஒரு போனை முடித்த பிறகே அடுத்ததைத் தொடுகிறார். கூலியும் மற்ற கடைகளைவிடக் கொஞ்சம் அதிகம், எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல், சில விலக்குகள் போக, கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றும்படி செய்ய வேண்டும் என்று சட்டம் வருகிறது, நம் ஊருக்கும் அது வர வேண்டும். அதுவரை பின்மூடி லேசாகத் தூக்கியிருந்தால் அழுத்தி மூடாதீர்கள், சார்ஜ் போடாமல் நேராக இங்கே கொண்டுபோங்கள். காலையில் போனால் கூட்டம் குறைவு.