கோடை இயற்கைப் பகல் முகாமுக்குக் குடும்பங்களைத் தயார் செய்தல்: பட்டியலா, கூட்டமா, முன்னோட்ட நடையா?

சென்னையில் கோடை விடுமுறை தொடங்கியதும், ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான இயற்கைப் பகல் முகாம்கள் நகரின் பல பகுதிகளில் நடக்கத் தொடங்கிவிடுகின்றன. காலையில் பெற்றோர் கொண்டுவந்து விட்டு, முகாம் முடிந்ததும் அழைத்துச் செல்லும் இந்த ஏற்பாட்டில், பிள்ளை இரவு தன் வீட்டிலேயே உறங்குகிறது என்பதால் குடும்பத்தைத் தயார் செய்யும் வேலையை அமைப்பாளர்கள் பலர் இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள். இது தவறான கணக்கு என்பது என் உறுதியான கருத்து. இரவு தங்கும் முகாமில் பிள்ளையின் உணவும் உறக்கமும் முகாமின் பொறுப்பில் இருக்கும். பகல் முகாமிலோ உறக்கம், காலை உணவு, உடை, தண்ணீர் ஆகிய அனைத்தும் ஒவ்வொரு நாளும் வீட்டிலிருந்தே வந்து சேர வேண்டும். ஐந்து நாள் முகாம் என்றால் ஐந்து காலைகளிலும் குடும்பமே பிள்ளையைத் தயார் செய்து அனுப்புகிறது.

குடும்பங்களைத் தயார் செய்ய மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்புவது முதல் வழி. பெற்றோரை ஒரு மாலை நேரத்தில் அழைத்துக் கூட்டம் நடத்துவது இரண்டாவது. முகாமுக்கு முன்பாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்தே ஒன்றரை மணி நேரம் நடக்க அழைத்துச் செல்லும் முன்னோட்ட நடை மூன்றாவது. சில ஆண்டுகளாக இம்மூன்றையும் முயன்று பார்த்தவன் என்ற முறையில், ஒன்றை மட்டுமே செய்ய முடியும் என்ற நிலை வந்தால் நடையையே தேர்ந்தெடுப்பேன். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பட்டியலுக்குச் செலவு இல்லை. அனுப்பிய அடுத்த நிமிடமே அனைவரையும் அடைகிறது. மறந்தவர் மீண்டும் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் பட்டியலைப் படிக்கும் பெற்றோர் அதைக் கடைக்குப் போக வேண்டிய சீட்டாகவே பார்க்கிறார்கள். தொப்பி என்று எழுதினால் புதுத் தொப்பி வருகிறது. காலணி என்று எழுதினால் புதுக் காலணி வருகிறது. அவற்றை வாங்க முடியாத குடும்பம், தன் பிள்ளை மற்றவர் நடுவில் குறைவாகத் தெரியுமோ என்று தயங்கிப் பின்வாங்குகிறது. பட்டியலில் எழுத முடியாதவை இன்னும் முக்கியமானவை. பழக்கமில்லாத கழிப்பறையைப் பயன்படுத்தக் கூசி, காலை முதல் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். இரண்டு லிட்டர் பாட்டில் கொண்டுவரச் சொல்வதால் இந்தச் சிக்கல் தீராது. பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்பும்.

கூட்டம் இதைவிட மேலானது. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து வைத்திருக்கும் பிள்ளை யார், வலிப்பு வந்த வரலாறு உண்டா, எந்த உணவு ஒவ்வாது, அழைத்துச் செல்ல வருபவர் யார், படம் எடுக்கவும் பகிரவும் பெற்றோர் இசைகிறார்களா என்பவற்றையெல்லாம் நேரில் கேட்டுப் பதிந்துகொள்ளலாம். படிவத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போகும் தாய், எதிரே அமர்ந்து பேசும்போது, "மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் இழுப்பு வரும்" என்று சொல்வார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே கூட்டம் நடத்தலாம். ஆயினும் கூட்டத்துக்கு வருபவர் பெரும்பாலும் ஒரு பெற்றோர்தான், பிள்ளை வருவதில்லை. பேசுபவர்களும் மூன்று நான்கு பேராகவே இருப்பார்கள். மற்றவர்கள் தம் அச்சத்தைச் சபையில் சொல்லக் கூசி மௌனமாக எழுந்து போய்விடுவார்கள்.

அந்த அச்சங்களில் முதன்மையானது பாம்பு. கூட்டத்தில் யாராவது ஒருவர் அதைக் கேட்டுவிட்டால் அடுத்த அரை மணி நேரம் அதிலேயே கழியும். எவ்வளவு விளக்கினாலும் கேட்டவரின் முகம் தெளியாது. இங்கேதான் முன்னோட்ட நடையின் பலம் புரியும். கிண்டி சிறுவர் பூங்காவில் நடையை வைத்து, அதை ஒட்டி 1972-இல் தொடங்கப்பட்ட பாம்புப் பண்ணையில் முடித்தால், நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பெற்றோரும் பிள்ளையும் கண்ணாடிக்கு இப்பால் நின்று நிதானமாகப் பார்க்கலாம்; சாரைப்பாம்புக்கு நஞ்சில்லை என்பதையும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம். இலைக்குவியலில் கை விடக் கூடாது, கல்லைப் புரட்டக் கூடாது, கால் வைக்கும் இடத்தைப் பார்த்த பிறகே கால் வைக்க வேண்டும் என்ற மூன்று விதிகளும் அந்த இடத்தில் சொல்லும்போது மனத்தில் பதிகின்றன. கடி நேர்ந்தால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது ஆகிய எதையும் செய்யாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து 108-ஐ அழைத்து, நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். அச்சம் முழுவதும் போகாது, போகவும் வேண்டாம். ஆனால் அதன் அளவு சரியாகிவிடும்.

நடைக்கு இடம் தேர்வதில் கவனம் வேண்டும். கிண்டித் தேசியப் பூங்கா ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு. அதன் உட்பகுதிக்குள் வனத்துறையின் அனுமதியின்றிப் போக முடியாது என்பதால், நடையைச் சிறுவர் பூங்காவோடு நிறுத்திக்கொள்வதே முறை. வண்டலூர் உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர் பரந்தது. பெரிய மரங்கள் நிறைந்தது. ஆனால் சிறு பிள்ளைகளை முதல் முறையாக நடத்திப் பழக்க அது மிகப் பெரிது. கிண்டியை ஒட்டி, கடலுக்கு அருகிலுள்ள அடையாறு பகுதிக்கு மே மாதத்தில் கடற்காற்று முன்னதாகவே வந்துவிடும். உள்ளே தள்ளி இருக்கும் வண்டலூருக்கு அது தாமதமாகவே போய்ச் சேரும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளின் உடல் உடனே உணரும்.

நடையை எப்போது வைப்பது என்பது எங்கே வைப்பது என்பதைவிட முக்கியம். முகாமுக்கு முந்திய நாள் வைப்பதால் பெரிய பயன் இல்லை. மனித உடல் வெயிலுக்குப் பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். நாள் முழுவதும் குளிரூட்டிய அறையில் இருந்துவிட்டு, கத்தரி வெயிலில் திடீரென நான்கு மணி நேரம் வெளியில் நிற்கும் பிள்ளைக்கு முதல் நாளிலேயே தலைவலியும் வாந்தியும் வருவதற்கு உடல் பழகாமையே பெரும்பாலும் காரணம். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் பதிவாகியிருக்கிறது. அத்தகைய நாள் மீண்டும் வரலாம் என்ற எண்ணத்தோடுதான் நாம் திட்டமிட வேண்டும். எனவே முகாமுக்குப் பத்து அல்லது பன்னிரண்டு நாள் முன்பு நடையை வைத்து, அன்று முதல் தினமும் மாலையில் அரை மணி நேரம், பிறகு முக்கால் மணி நேரம், பிறகு ஒரு மணி நேரம் என்று பிள்ளையை வெளியில் விளையாட விடும்படி பெற்றோரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பட்டியலோ கூட்டமோ இதைச் சொல்ல முடியும் என்றாலும், தன் பிள்ளை நாற்பது நிமிடத்தில் சோர்ந்து மரத்தடியில் அமர்ந்ததைக் கண்ணால் கண்ட தந்தைதான் மறுநாள் மாலையே அதைச் செய்யத் தொடங்குகிறார்.

பொருள்களிலும் எதிரெதிர்த் தேர்வுகள் உண்டு. அவற்றில் அதிகம் விவாதிக்கப்படுவது காலணி. ரப்பர்ச் செருப்பு காற்றோட்டமானது, எல்லார் வீட்டிலும் இருப்பது. ஆனால் சீமைக் கருவேல முள் அதன் அடியைத் துளைத்துக்கொண்டு காலைத் தைத்துவிடும். நெருஞ்சி பக்கவாட்டில் குத்தும். முசுறு எறும்பு விரலிடுக்கில் ஏறும். புதிதாக வாங்கிய விளையாட்டுக் காலணி முள்ளைத் தடுக்கும். ஆனால் பழகாத காலணி இரண்டாம் நாளிலேயே குதிகாலில் கொப்புளம் எழுப்பி, பிள்ளையை மூன்றாம் நாள் வீட்டிலேயே இருக்க வைத்துவிடும். கடந்த கல்வியாண்டில் பள்ளிக்கு அணிந்து தேய்ந்த பழைய காலணியும் பருத்திக் காலுறையுமே இவ்விரண்டையும்விடச் சிறந்தவை. காலுக்குப் பழகியது, செலவில்லாதது, அழுக்கானால் யாரும் வருந்தப் போவதில்லை. வழுவழுப்பாகத் தேய்ந்த அடியுள்ளதை மட்டும் தவிர்க்க வேண்டும். இரவு வாசலில் விட்ட காலணியைக் காலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டு அணியும் பழக்கத்தை நடையன்றே கற்றுக்கொடுத்துவிடலாம். தேள் உள்ளே இருக்கக் கூடும் என்று சொன்னால் பிள்ளைகள் அதை மறப்பதே இல்லை.

கொசுவுக்குக் களிம்பா, முழுக்கை உடையா என்ற கேள்வியில் நான் உடையின் பக்கம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது என்பதால் பகல் முகாமுக்குப் பாதுகாப்பு அவசியம். ஆனால் வியர்வையில் களிம்பு வழிந்து கண்ணில் படுகிறது, பிள்ளைகள் அதே கையால் சாப்பிடுகிறார்கள். வெளிர் நிறத்தில், தளர்வான, பழைய பருத்தி முழுக்கைச் சட்டை வெயில், கொசு, முள் ஆகிய மூன்றையும் ஒருசேரத் தடுக்கிறது. களிம்பு வேண்டும் என்று விரும்பும் பெற்றோர் வீட்டிலேயே தம் கையால் கழுத்திலும் கணுக்காலிலும் தடவி அனுப்பலாம். புட்டியைப் பிள்ளையின் பையில் வைக்க வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு குழப்பத்தை விரிவாகவே சொல்ல வேண்டும். ஓ.ஆர்.எஸ். எனும், நீரிழப்புக்குத் தரும் உப்புக்கரைசல் என்று எண்ணிப் பெற்றோர் வாங்கி அனுப்பும் அட்டைப்பெட்டிப் பானங்களில் பல, சர்க்கரை மிகுந்த பழச்சுவைப் பானங்கள். இத்தகைய பானங்களின் பெயரில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த கலவையில் ஒரு லிட்டருக்கு 20.5 கிராம் உப்பு, குளுக்கோஸ் கலவை மட்டுமே சேரும். ஒரு லிட்டருக்கான பொடியைக் கால் லிட்டர் பாட்டிலில் கொட்டிக் கலக்குவது கெடுதல். உண்மையில் நலமாக இருக்கும் பிள்ளைக்கு இது தினசரிப் பானமாக வேண்டியதில்லை. வெறும் தண்ணீரும், வீட்டில் கடைந்த உப்பு போட்ட நீர்மோரும் போதும். உப்புக்கரைசல் பொட்டலங்கள் முகாம் பொறுப்பாளரிடம், சோர்ந்து போகும் பிள்ளைக்காக இருக்கட்டும்.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தயிர்சாதம் உடலுக்கு இதமானது. ஆனால் மே மாதத்தில் ஏழு மணிக்குப் பிசைந்தது நண்பகலில் புளித்துப் பொங்கி நிற்கும். பால் கூடுதலாக ஊற்றித் தயிரைக் குறைத்துப் பிசைந்தால் ஓரளவு தாங்கும். புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கெடாது, ஆனால் தாகத்தைக் கூட்டும். பத்து மணிக்குள் சாப்பிடுவதாக இருந்தால் தயிர்சாதம், அதன் பிறகு என்றால் புளியோதரையோடு வெள்ளரிக்காய் என்று சொல்லிவிடலாம். குரங்குகள் நடமாடும் இடங்களில் பளபளக்கும் சிப்ஸ் பொட்டலமும் பிளாஸ்டிக் பையும் அவற்றை அழைக்கும் கொடி போன்றவை. மூடியுள்ள எவர்சில்வர் டிபன் பாக்ஸ் துணிப்பைக்குள் இருப்பதே பாதுகாப்பு.

முகாமின் நேரத்தைப் பற்றியும் பெற்றோரிடையே இரு அணிகள் உண்டு. ஆறரை முதல் பத்தரை வரை என்றால் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் நேரம் முழுவதும் பிள்ளைக்குக் கிடைக்கும். சரக்கொன்றை பூத்து நிற்பதையும் குயில் விடாமல் கூவுவதையும் வெயில் ஏறும் முன் ரசிக்கலாம். ஆனால் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பத்தரைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்ல யாரும் இல்லை. இவர்களைப் புறக்கணித்துவிட்டு, இயற்கை முகாம் என்பதே ஓய்வான பெற்றோருக்கானது என்றாக்கிவிடுவது எனக்குச் சற்றும் ஏற்புடையதல்ல. பத்து மணி வரை வெளியிலும், அதன் பின் மூன்று மணி வரை கூரையின் கீழ் இலை, விதை, இறகு வரைதலும் கதையும் உறக்கமுமாக அமைக்கும் முகாமே எல்லாக் குடும்பங்களுக்கும் உகந்தது. நிழலுள்ள அறையும் மின்விசிறியும் சுத்தமான கழிப்பறையும் உள்ளனவா என்பதைப் பெற்றோர் முன்னோட்ட நடையன்று நேரில் பார்த்துத் திருப்தி அடைய வேண்டும். முகாம் வேறிடத்தில் நடப்பதாக இருந்தால் நடை முடிந்ததும் அனைவரும் அங்கே ஒரு முறை போய் வரலாம். பிள்ளை அன்றே அந்தக் கழிப்பறையை ஒரு முறை பயன்படுத்திவிட்டால், முன்னே சொன்ன தண்ணீர்ச் சிக்கலில் பாதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

நடையின் குறைகளையும் மறைக்கக் கூடாது. அமைப்பாளர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும். முப்பது குடும்பங்களை ஒரே சமயத்தில் நடத்த முடியாது என்பதால் பத்துப் பத்தாகப் பிரிக்க வேண்டும். நுழைவுக்கட்டணத்தை முகாமே ஏற்காவிட்டால் சிலர் வரமாட்டார்கள். ஞாயிறும் வேலை உள்ள பெற்றோர் எப்போதும் சிலர் இருப்பார்கள். அவர்களுடைய பிள்ளையைத் தாத்தாவோ பாட்டியோ அழைத்து வரலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முகாம் நாள்களில் காலையில் டிபன் பாக்ஸ் கட்டித் தரப்போவதும் பல வீடுகளில் அவர்கள்தாம். யாராலும் வர இயலாத வீட்டுக்குப் பொறுப்பாளர் ஒருவர் இரவு எட்டு மணிக்கு மேல் தொலைபேசியில் அழைத்துக் கால் மணி நேரம் பேச வேண்டும். பெற்றோரோடு பேசி முடித்த பின் பிள்ளையிடமும் பேசியைக் கொடுக்கச் சொல்லி, அது எதைப் பார்க்க ஆசைப்படுகிறது, எதற்குப் பயப்படுகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.