போஸ்ட் ஆபீஸ் விசாரணை காணொளிகள்: எழுத்துப்பதிவைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள்

கணினிக் கோளாறால் தபால் கடைக்காரர்கள் தவறாகத் தண்டிக்கப்பட்டதை விசாரித்த பிரிட்டனின் போஸ்ட் ஆபீஸ் ஹொரைசன் விசாரணை ஆணையம் தன் அமர்வுகளை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. காணொளிகளை இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு நாளின் எழுத்துப்பதிவும் சாட்சிகளிடம் காட்டிய ஆவணங்களும் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. பதவியில் இருந்தவர்கள் சங்கடமான கேள்விகளுக்கு எப்படி முகம் கொடுக்கிறார்கள் என்று அறிய விரும்புகிறவர்கள் காசு கொடுத்து வேறெங்கும் போக வேண்டியதில்லை.

காசு கொடுத்தும் பார்த்தவள் நான். உடல்மொழி வகுப்பு ஒன்று, பெயர் வேண்டாம். மூக்கைத் தொட்டால் பொய், கண் மேலே ஒரு பக்கம் போனால் பொய் என்று படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். கண் போகும் திசைக்கும் பொய்க்கும் தொடர்பே இல்லை என்று உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மனும் உடன் ஆய்வாளர்களும் 2012இலேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். அதற்கும் முன்னால், 2006இல், பாண்ட், டிபாலோ என்ற உளவியலாளர்கள் 200க்கு மேற்பட்ட ஆய்வு அறிக்கைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சொல்வது பொய்யா மெய்யா என்று மனிதர்கள் சரியாகக் கணிப்பது சராசரியாக 100க்கு 54 தடவைதான். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைத்துவிடும்.

நான் லண்டனில் தீர்ப்பாயங்களில் தமிழ் உரைபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். நீதிபதி கேட்கும்போது எங்கள் ஆட்கள் பலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். பெரியவர்களை நேருக்கு நேர் பார்த்துப் பேசக்கூடாது என்று வளர்ந்தவர்கள். அதைத் திருட்டு முழி என்று யாராவது எடுத்துக்கொண்டால் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே போய்விடும். அந்த வகுப்பில் சொல்லிக் கொடுத்ததை என்னால் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாதது அதனால்தான்.

சரி, காணொளிக்கு வருவோம். ஹொரைசன் என்ற கணினி அமைப்பு தவறாகக் காட்டிய பணப் பற்றாக்குறைக்காக 1999 முதல் 2015 வரை தபால் கடை நடத்திய 900க்கு மேற்பட்ட சப் போஸ்ட்மாஸ்டர்கள் குற்றவாளிகள் ஆக்கப்பட்டார்கள். பெரும்பாலான வழக்குகளைப் போட்டது போஸ்ட் ஆபீஸேதான். அதன் முன்னாள் தலைமை நிர்வாகி போலா வெனெல்ஸ் 2024 மே 22 முதல் மூன்று நாள் சாட்சியம் அளித்தார். முதல் நாளிலிருந்து தொடங்குங்கள்.

ஆணையத்தின் வழக்கறிஞர் ஜேசன் பியர் குரலை உயர்த்துவதே இல்லை. கேள்வியைக் கேட்பார், காத்திருப்பார். வெனெல்ஸின் சாட்சி அறிக்கையில் சொல்லப்படவில்லை, காட்டப்படவில்லை, உறுதி கூறினார்கள் என்று திரும்பத் திரும்ப வருவதைச் சுட்டிக்காட்டி, பிரிட்டனிலேயே அதிர்ஷ்டம் கெட்ட தலைமை நிர்வாகி நீங்கள்தானா என்று கேட்கிறார். தான் மற்றவர்களை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக வெனெல்ஸ் பதில் சொல்கிறார். முகத்தைப் பார்த்து இதை எடை போட முடியாது. அடுத்தடுத்து திரையில் வரும் மின்னஞ்சல்களையும் கூட்டக் குறிப்புகளையும் பார்த்தால் முடியும். போட்ட வழக்குகள் எல்லாவற்றிலும் வென்றோம் என்று 2012இல் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் சொன்னது ஏன் என்று கேட்டபோது அவர் அழுகிறார். அந்தக் கண்ணீர் வருத்தமா, அச்சமா, நடிப்பா? எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. வழக்குகளில் விடுதலையானவர்கள் இருந்தார்கள் என்பது மட்டும் பதிவில் இருக்கிறது. கடிதங்களை விநியோகிக்கும் ராயல் மெயில் நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி மோயா கிரீன், உனக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன் என்று அவருக்கு அனுப்பிய குறுஞ்செய்தியும் அதே நாளில் திரைக்கு வருகிறது. அந்த இடத்தைத் தவறவிடாதீர்கள்.

அப்படியானால் எழுத்துப்பதிவை மட்டும் படித்தால் போதாதா? போதாது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே உள்ள மௌனம் எழுத்தில் வராது. சுலபமான கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லும் ஒருவர் குறிப்பிட்ட ஒரு கேள்வியில் மட்டும் தண்ணீர்க் குவளையைத் தேடினால், அந்த இடத்தைக் குறித்துக்கொள்வேன். அதைப் பொய்க்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பிறகு எழுத்துப்பதிவில் அதே இடத்துக்குப் போய், கேட்டதற்குத்தான் பதில் வந்ததா, பக்கத்துக் கேள்விக்கு வந்ததா என்று வரி வரியாகப் பார்ப்பேன். என் தொழிலில் இந்தக் கவனம் எனக்கு மிகவும் உதவுகிறது.

குறைகளும் உண்டு. ஒரு நாள் சாட்சியம் என்றால் உண்மையிலேயே ஒரு முழு நாள். வெனெல்ஸின் எழுத்து வாக்குமூலம் மட்டுமே 775 பக்கம். ஆவணங்கள் குறியீட்டு எண்களில் கிடப்பதால் புதிதாக வருகிறவர்கள் திண்டாடுவார்கள். எழுத்துப்பதிவு ஆங்கிலத்தில்தான். இந்த நாட்டில் தபால் கடை நடத்தும் தெற்காசியக் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. முக்கியமான அமர்வுகளின் சுருக்கத்தையாவது அவர்களுடைய மொழிகளில் தந்திருக்க வேண்டும்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். வெனெல்ஸை முடித்த பிறகு, ஹொரைசனை நடத்திய ஃபுஜிட்சு நிறுவனத்தின் முன்னாள் பொறியாளர் கேரத் ஜென்கின்ஸ் 2024 ஜூனில் நான்கு நாள் அளித்த சாட்சியத்துக்குப் போங்கள்.