பாளை ஜெர்சி கடை: பிரிண்ட் சூப்பர், வெள்ளைக் கை மட்டும் லேசு

பாளை மார்க்கெட் பக்கம் சந்துக்குள்ள ஒரு ஜெர்சி பிரிண்ட் கடை இருக்குல்லா, அங்க எனக்கும் எங்க அண்ணனுக்கும் லண்டன் ஃபுட்பால் டீம் ஆர்சனலோட பழைய மாடல்ல செவப்பு உடம்பு வெள்ளைக் கை வச்சு ஆளுக்கொண்ணு அடிச்சோம். எனக்கு 11, டெனிஸ் காம்ப்டன். அண்ணனுக்கு 5, லெஸ்லி காம்ப்டன், டெனிசுக்கு கூடப்பொறந்த அண்ணன். வாட்ஸ்அப்ல வந்த மொத டிசைன்ல குரோம்ப்டன்னு இருந்துச்சு, ஃபேன் கம்பெனி டீமா தம்பின்னு வேற கேக்காரு கடைக்கார அண்ணாச்சி. சொன்னதும் மாத்திட்டாரு, தனியா காசு கேக்கல.

யாரு இவங்கன்னு கேட்டாரு, கேட்டா விடுவனா நானு. ரெண்டு பேரும் ஆர்சனல்ல ஆடுனவங்க, டெனிஸ் கிரிக்கெட்டும் ஆடுனவரு. டெனிசுக்கு 21 வயசுல ரெண்டாம் உலகப் போர் வந்துட்டு. இங்கிலீஷ் லீக்ல எல்லாரும் சட்டைல நம்பர் போடணும்னு ரூல் வந்ததே அந்த 1939 சீசன்லதான், அது 3 மேட்சோட நின்னு போச்சு. போர் காலத்துல இங்கிலாந்துக்கு 12 ஃபுட்பால் மேட்ச் ஆடிருக்காரு, ஒண்ணக்கூட கணக்குல சேக்கல, இது என்ன நியாயம்? பட்டாளத்தோட இந்தியாவுக்கு வந்த எடத்துல இந்தூர் ஹோல்கர் கிரிக்கெட் டீமுக்கு 1944-45 ரஞ்சி ஃபைனல்ல பம்பாய்க்கு எதிரா 249 நாட் அவுட், அப்பிடியும் டீம் தோத்துட்டு. திரும்பிப் போய் ஆர்சனலோட 1947-48ல லீக் ஜெயிச்சு, 1950 எஃப்ஏ கப் ஃபைனல்ல அண்ணனும் தம்பியும் சேந்தே ஆடி லிவர்பூல 2-0னு அடிச்சாங்க. கிரிக்கெட்ல 78 டெஸ்ட் ஆடுன மனுசனுக்கு ஃபுட்பால்ல இங்கிலாந்துக்கு ஆடுன கணக்கு அபிஷியலா சைபர். லெஸ்லிக்கு அதே 1950ல, 38 வயசுல இங்கிலாந்துக்கு ஆட மொத சான்ஸ் கெடச்சு 2 மேட்ச். எங்க அண்ணன் இதக் கேட்டதுலேருந்து ரெக்கார்டுல நாந்தாம்ல பெரியவன்னு அலட்டிக்கிட்டுத் திரியுதான்.

சரி சட்டைக்கு வாரேன். துணி டாட் நிட், நம்ம வெயிலுக்கு நல்லா காத்து போகுது, நம்பர் பிரிண்ட் தொவச்சும் உரியல. வெள்ளைக் கைதான் ரொம்ப லேசு, வேர்த்தா உள்ள அப்பிடியே தெரியுது, அதுக்கு மட்டும் கனத்த துணி போடச் சொல்லி கேட்டுக்கிடுங்க. ஒண்ணு 380 ரூவா, கை தையல் கழுத்து தையல் எல்லாம் சுத்தமா இருக்கு. சாயங்காலம் தாரேன்னு சொன்னா மறுநாள் காலைலதான் வரும், அதுக்கு தக்கன ஆர்டர் போடுங்க. ஞாயித்துக்கிழமை போயிராதிய, கடை கெடையாது.