வீட்டுவாசலில் விற்கும் கொத்தலாஹிம்புட்டுப் பொடி: கவனம்

மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் வீடு வீடாக ஒரு பொடி விற்கிறார்கள், கொத்தலாஹிம்புட்டு என்ற மூலிகைக் கட்டையை அரைத்தது என்று சொல்லி. "சீனி வருத்தத்துக்கு கொத்தலாஹிம்புட்டு, கிளினிக் குளிசையை நிப்பாட்டலாம்" என்பதுதான் அவர்கள் பேச்சு. அதை நம்பிக் குளிசையை நிறுத்திய ஒரு அம்மாவுக்கு ஐந்தாம் நாள் விடியப்புறம் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. இரத்தத்தில் சீனி 48 மி.கி.க்கு விழுந்திருந்தது. விற்றவரிடம் கேட்டால், "மருந்து வேலை செய்யுது" என்றாராம். காசும் திரும்பவில்லை.

இது அந்த மூலிகை செய்கிற வேலையே இல்லை. கட்டையிலுள்ள சலாசினோல், கொத்தலனோல் இரண்டும் குடலில் மாச்சத்தை உடைக்கும் நொதியங்களைத் தடுக்கும். சாப்பிட்ட பிறகு சீனி ஏறுவது மெதுவாகும், அவ்வளவுதான். 2005 இல் வெளிவந்த இலங்கை ஆய்வில் 3 மாதம் இந்தத் தேநீர் குடித்தவர்களுக்கும் எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) குறைந்தது ஏறக்குறைய அரைப் புள்ளிதான். வெறும் வயிற்றில் சீனியை இப்படி விழுத்துவது கிளிபென்கிளமைட் போன்ற சீனி வருத்தக் குளிசைகளின் குணம். மூலிகைப் பொடியில் அதை அரைத்துக் கலப்பது பல நாடுகளில் பிடிபட்ட திருட்டு. இந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்பதை ஆய்வுகூடம்தான் சொல்லவேண்டும். ஆனால் உள்ளங்கையில் தேய்த்தால் மண்ணிறத் தூளுக்குள் வெள்ளைப் பொட்டுகள் தனியே தெரிகின்றன. பக்கெற்றில் மரக்கோப்பைப் படம் மட்டும். பதிவிலக்கமும் இல்லை, முடிவுத் திகதியும் இல்லை.

பழைய முறை, கட்டையைக் குடைந்த கோப்பையில் இரவு தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிப்பது. தண்ணீர் சிவந்தால் அசல் என்று நம்பவேண்டாம், சாயமும் சிவக்கும். தெரிந்த வைத்தியரிடம் கட்டையாகவே வாங்குங்கள். வயிறு ஊதலாம், இளகிப் போகலாம். கிளிக்கிளசைட் குளிசையோ இன்சுலினோ பாவிப்பவர்கள் கிளினிக்கில் சொல்லாமல் தொடவேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் வேண்டவே வேண்டாம்.

பலருக்குத் தெரியாத விசயம் ஒன்று: இந்த மூலிகை சாதாரண சீனி உடைவதையும் தடுக்கும். ஆகவே நடுக்கம் வந்தால் குளுக்கோஸ் தூள் 15 கிராம், 3 தேக்கரண்டி அளவு, தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். குளுக்கோஸ் கையில் இல்லையென்றால் சீனித் தண்ணீரையாவது உடனே கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதுவும் ஊற்றாமல் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்; குளிசை கலந்திருந்தால் சில மணித்தியாலத்தில் சீனி மறுபடி விழும். போகும்போது பக்கெற்றையும் கொண்டுபோங்கள். மிச்சப் பொடியைக் கொட்டாமல் கட்டிவைத்து, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) கொடுங்கள்.