சீல் பிரிக்காத டயரும் பெட்டி பிரித்த மிக்சியும்

2024 ஆகஸ்டில் என் ஸ்கூட்டரின் பின் டயரை மாற்ற வேண்டியிருந்தது. மார்த்தாண்டம் கடை விலையைவிட இருநூறு ரூபாய் குறைவு என்பதால் ஆன்லைனில் 'புதியது' என்று போட்டிருந்த ஒன்றை வாங்கினேன். உறை கிழியாமல் வந்தது. மாட்டுவதற்குக் கொண்டுபோனபோது, டயர் கடைப் பெரியவர் அதன் பக்கவாட்டைத் துணியால் துடைத்து விரலை வைத்துக் காட்டினார். நீள்வட்டத்துக்குள் 3120 என்று நான்கு இலக்கங்கள். "மக்களே, இது 2020-இல் முப்பத்தோராவது வாரம் செய்தது. இதற்கு நான்கு வயதாகிவிட்டது" என்றார்.

நான் குலசேகரம் பக்கம், ரப்பர் மரத்தில் பால்வெட்டும் குடும்பத்தில் பிறந்தவன். ரப்பர் சும்மா கிடந்தாலும் மூப்படையும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெப்பமும் காற்றும் பட்டால் இளக்கம் போய் இறுகும், பிறகு நுண்ணிய வெடிப்பு விடும். இது தெரிந்திருந்தும் சீலைப் பார்த்து ஏமாந்தேன்.

புதியது என்று நாம் சொல்லும்போது இரண்டு பொருளில் சொல்கிறோம். யாரும் பயன்படுத்தாதது என்பது ஒன்று. அண்மையில் செய்தது என்பது மற்றொன்று. ஆன்லைனில் 'புதியது' என்று போடுகிறவர்கள் முதல் பொருளை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். விதிகளும் இதற்கு இடம் கொடுக்கின்றன. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளின்படி, தயாரித்த மாதமும் வருடமும் பெட்டியின் மேல் இருக்க வேண்டும். விலை, தயாரிப்பாளர் முகவரி போன்ற விவரங்களை விற்பனைப் பக்கத்திலும் காட்டச் சொல்லும் அதே விதிகள், தயாரித்த மாதத்துக்கும் வருடத்துக்கும் மட்டும் அங்கே விலக்குத் தருகின்றன. பொருளின் வயது பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. இந்த விலக்கை நீக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி பெட்டி பிரித்த பொருளுக்கு வருகிறேன். குளச்சலில் இருக்கும் மைனி (அண்ணி) 'ஓப்பன் பாக்ஸ்' என்று போட்டிருந்த மிக்சி ஒன்றை மூன்றில் ஒரு பங்கு குறைந்த விலைக்கு வாங்கினார். முன்பு வாங்கியவர் திருப்பி அனுப்பியது, பயன்படுத்தாதது என்று அதில் எழுதியிருந்தார்கள். மைனி மூடியின் ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்து முகர்ந்து பார்த்தார். தேங்காய் எண்ணெய் வாடை. வளையம் உட்காரும் பள்ளத்தில் காய்ந்த தேங்காய்த் துணுக்கும் ஒட்டியிருந்தது. யாரோ ஒருமுறையாவது அரைத்துப் பார்த்திருக்கிறார்கள். பயன்படுத்தாதது என்று எழுதியது பொய். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் மிக்சியில் வேறு குறை எதுவும் இல்லை. ஜாரைத் தாங்கும் கப்ளரின் பற்கள் தேயவில்லை. அடியிலுள்ள திருகாணித் தலைகளில் கீறல் இல்லை, எனவே யாரும் கழற்றிப் பூட்டவில்லை. குளச்சல் போன்ற கடலோர ஊரில் உப்புக்காற்று முதலில் பிடிப்பது திருகாணியைத்தான், அங்கும் துரு இல்லை. தயாரிப்பாளரின் இரண்டு வருட வாரண்டியும் மைனியின் பில் தேதியில்தான் தொடங்கியது. கழுவி வைத்தார், இன்றுவரை மீன் குழம்புக்குத் தேங்காய் அரைக்கிறது. என் சீல் பிரிக்காத டயரைவிட இந்த மிக்சி எவ்வளவோ மேல்.

ஒரு குழப்பத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 'ஓப்பன் பாக்ஸ் டெலிவரி' என்பது வேறு. அது கொண்டுவருபவர் உங்கள் கண்முன் பெட்டியைப் பிரித்துக் காட்டுவது. அதில் வருவது புதுப் பொருள்தான். பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் பயந்து வேண்டாம் என்கிறார்கள். விலை உயர்ந்த போனுக்கு அதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

'ரீஃபர்பிஷ்டு' எனப்படும் சரிசெய்து விற்கும் போன்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சரிசெய்தது தயாரித்த நிறுவனமா, இடையில் உள்ள விற்பனையாளரா? பேட்டரி மாற்றப்பட்டதா? இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

அப்படியானால் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கடைக்குப் போய் வாங்குவதே மேலா? தேதியைக் கண்ணால் பார்க்கலாம் என்ற அளவில் மேல்தான். ஆனால் கடையில் மாதக்கணக்கில் காட்சிக்கு நின்ற பிரிட்ஜும் புதியது என்றுதான் விலைபோகிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். பழுதான பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

ஆன்லைன் வணிகத்துக்கு 2020-இல் வந்த விதிகள் இன்னும் தெளிவானவை. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளை விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. ஆன்லைன் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நான் டயரை மாட்டவில்லை. 3120 தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து, 'நான்கு வருடப் பழைய ரப்பரைப் புதியது என்று விற்றிருக்கிறீர்கள்' என்று எழுதி அனுப்பினேன். ஒன்பதாம் நாள் பணம் திரும்ப வந்தது. வராமல் போயிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்திருப்பேன். அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

ஐப்பசி மழைக்கு முன் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை மாற்ற வேண்டும். அமிலம் நிரப்பிய பேட்டரி, கிடங்கில் சார்ஜ் ஏற்றாமல் கிடந்தால் உள்ளே சல்பேட் படிந்து இறுகிவிடும். எத்தனை சீல் இருந்தாலும் அதைத் தடுக்க முடியாது. ஆகவே இதை ஆன்லைனில் வாங்கப்போவதில்லை. நாகர்கோவில் வடசேரிக்கே போய், தயாரித்த மாதத்தைப் பார்த்து, அதைப் பில்லிலும் எழுதச் சொல்லி வாங்கப்போகிறேன். மைனிக்கு அடுத்ததாக ஒரு இஸ்திரிப் பெட்டி வேண்டுமாம். அதற்குப் பெட்டி பிரித்ததே போதும் என்று சொல்லியிருக்கிறேன்.