அரசு மருத்துவமனையில் பிரசவம்: ஆரம்ப சுகாதார நிலையமா, தாலுகா மருத்துவமனையா, மருத்துவக் கல்லூரியா?

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையிலேயே பிரசவம் பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்த குடும்பத்தின் முன் மூன்று தெரிவுகள் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் கீழும், தாலுகா மற்றும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் கீழும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழும் இயங்குகின்றன. இந்த நிர்வாகப் பிரிவினை நமக்கெதற்கு என்று தோன்றலாம். ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பணியில் யார் இருப்பார், அவசரத்துக்கு ரத்தம் கிடைக்குமா என்பதெல்லாம் பெரும்பாலும் இதை ஒட்டியே அமைகின்றன.

செலவை வைத்து ஒப்பிட வேண்டியதில்லை. 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, சுகப்பிரசவமானாலும் சிசேரியனானாலும் மருந்து, பரிசோதனை, உணவு, வீடு திரும்பும் வாகனம் ஆகியவை எந்த அரசு மருத்துவமனையிலும் இலவசம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவியும், தகுதி இருந்தால், இம்மூன்றில் எங்கு பிரசவித்தாலும் கிடைக்கும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் பலம் அதன் ஊழியர்கள்தான். கருவுற்றதைப் பதிவு செய்து ஆர்.சி.எச். எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்கித் தந்த கிராம சுகாதார செவிலியருக்கு அந்தப் பெண்ணின் வீடு தெரியும், முதல் பிரசவம் எப்படி நடந்தது என்பது தெரியும், இரும்புச்சத்து மாத்திரையை அவர் விழுங்குகிறாரா ஒளித்து வைக்கிறாரா என்பதுகூடத் தெரியும். பிரசவ அறையில் மூன்று ஷிப்டுகளில் மாறி மாறி வரும் ஸ்டாஃப் நர்ஸ்களே பெரும்பாலான சுகப்பிரசவங்களைப் பார்க்கிறார்கள். கூட்டம் குறைவு என்பதால் வலி வந்தவரை அடிக்கடி வந்து பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்கிறது. ஆனால் வட்டார அளவில் மேம்படுத்தப்பட்ட சில நிலையங்களைத் தவிர்த்தால், இங்கே அறுவை சிகிச்சையும் இல்லை, ரத்த வங்கியும் இல்லை. ஆகவே தாய்க்கும் சேய்க்கும் எந்தச் சிக்கலும் தென்படாத கர்ப்பத்துக்கு, அதிலும் முந்தைய பிரசவம் இயல்பாக நடந்திருந்தால், என் தேர்வு இதுவே. பக்கத்திலேயே இருப்பதை விட்டுவிட்டு, பெரிய கட்டடத்தைத் தேடி நாற்பது கிலோமீட்டர் போவதில் பயனில்லை.

தாலுகா மருத்துவமனை என்ற பெயர்ப் பலகையை மட்டும் நம்பக் கூடாது. அங்கே சீமாங் மையம், அதாவது தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்குமான அவசர சிகிச்சை மையம், இருக்கிறதா என்பதே கேள்வி. மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், குழந்தைகள் நல மருத்துவர், ரத்தம் ஆகிய நான்கும் இருபத்துநான்கு மணி நேரமும் கிடைக்க வேண்டிய இடம் அது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இந்த வசதி உண்டு; தாலுகா மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் இல்லை. முன்பு சிசேரியன் ஆனவர், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர், இரட்டைக் குழந்தை சுமப்பவர், குழந்தை தலைகீழாகத் திரும்பாதவர் ஆகியோர் வலி வரும்வரை காத்திராமல் சீமாங் மையம் ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நிபுணர்களுக்குக் குறைவில்லை. 1844இல் தொடங்கிய சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை இதற்குப் பழைய முன்னுதாரணம். இதய நோயுள்ள தாய்க்கும், வலிப்பு கண்டவருக்கும், மிகக் குறைமாதத்தில் பிறக்கப்போகும் குழந்தைக்கும் உரிய இடம் இதுதான். ஆனால் இங்கே மருத்துவர்கள் குழுக்களாகப் பிரிந்து முறை வைத்துப் பணியாற்றும் யூனிட் முறை நடைமுறையில் இருப்பதால், புறநோயாளிப் பிரிவில் பார்த்த மருத்துவரே பிரசவத்தின்போதும் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. முதுநிலை மாணவரும் ஹவுஸ் சர்ஜன் எனப்படும் பயிற்சி மருத்துவரும் அதே கேள்விகளை மீண்டும் மீண்டும் கேட்பார்கள். தகவல் விஷயத்தில் எனக்குள்ள பெரிய குறையும் இங்கேதான்: உள்ளே என்ன நடக்கிறது என்பதை வெளியே காத்திருக்கும் உறவினருக்கு எடுத்துச் சொல்ல ஆளிருப்பதில்லை. குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்லக் காசு கேட்கும் வழக்கமும் இன்னும் ஒழிந்தபாடில்லை. அப்படிக் கேட்டால் 104 எண்ணில் புகார் செய்யலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2022 ஜனவரியில் விருதுநகர், நாமக்கல், அரியலூர், கிருஷ்ணகிரி உள்ளிட்ட 11 மாவட்டங்களில் புதிய மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டபின், அந்த ஊர்களில் பழைய தலைமை மருத்துவமனை கல்லூரியோடு இணைந்துவிட்டது. நகரவாசிகளுக்கு இரண்டாவது தெரிவும் மூன்றாவது தெரிவும் அங்கே ஒன்றே.

எங்கே போவதென்று முடிவெடுத்தாலும் ஒன்பதாம் மாதத்தில் செவிலியரிடம் ஒரு கேள்வியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: இங்கிருந்து மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள்? பதிலைத் தாய் சேய் நல அட்டையின் பின்புறம் குறித்து வையுங்கள். 108 வண்டியில் ஏறும்போது கையில் இருக்க வேண்டியது அந்த அட்டைதான்.