காரைக்குடிப் பக்கம் ‘1970 அசல்’ என்று பூட்லெக் ரெக்கார்டு விற்கிறார்கள், கவனம்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பூட்லெக், அதாவது கச்சேரியை அனுமதி இல்லாமல் பதிவுசெய்து அச்சடித்த பழைய ராக் ரெக்கார்டுகள் கிடைக்கின்றன என்று கேள்விப்பட்டு, சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களைக் குறிவைத்து ஒருவர் வியாபாரம் செய்துகொண்டிருக்கிறார். அவரிடம் நான் இழந்தது 18,000 ரூபாய். அதைவிடப் பெரிய இழப்பு என் சித்தப்பாவின் ரெக்கார்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முனீஸ்வரன் கோவில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைக்காரர்களை நான் சொல்லவில்லை. அங்கே பொருளைக் கையில் கொடுத்து, திருப்பிப் பார்க்கவிட்டு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லி விற்பவர்களிடம் நான் வாங்கியிருக்கிறேன். இவருக்குக் கடை கிடையாது. வீட்டிலிருந்தே தரகு செய்கிறார், போனில் படம் அனுப்பி விலை பேசுகிறார்.

அவர் சொல்லும் கதை இதுதான். தேவகோட்டையில் ஒரு பெரிய வீடு, பங்கு பிரித்து சாமான்களை வெளியே கொடுக்கிறார்கள். அந்த வீட்டுப் பையன் பினாங்கில் படித்தவர், அங்கே வாங்கிய ரெக்கார்டுகளைத் தேக்குப் பெட்டியில் போட்டு ஊருக்கு அனுப்பினார், வளவை (உள்முற்றத்தை) ஒட்டிய அறையில் அவை அப்படியே கிடந்தன. இதில் நடக்க முடியாதது எதுவும் இல்லை. நகரத்தார் வீடுகளுக்குப் பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வராத பொருளா? அந்த உண்மையை வைத்துத்தான் அவர் பொய்யை விற்கிறார்.

எனக்கு அவர் கொடுத்தது லெட் செப்பெலின் என்ற ராக் குழுவின் ‘லைவ் ஆன் புளூபெரி ஹில்’, இரண்டு தட்டுகள். 1970 செப்டம்பர் 4 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கில் நடந்த கச்சேரியைக் கூட்டத்தில் இருந்தவர்கள் ரகசியமாக டேப்பில் பிடித்து, அதை யாரோ தட்டாக அச்சடித்தார்கள். கம்பெனி வெளியிடாத ஒரு இரவு, ரசிகர்களின் கூச்சலோடும் கைதட்டலோடும் அப்படியே நம் காதுக்கு வருகிறது. நான் இவற்றைச் சேர்ப்பதே அதற்காகத்தான்.

இந்தப் பழக்கம் அமெரிக்காவில் பரவியது 1969இல், பாடகர் பாப் டிலனின் வெளிவராத பாடல்களை யாரோ ‘கிரேட் ஒயிட் வொண்டர்’ என்று வெறும் வெள்ளை உறையில் போட்டு விற்ற பிறகு. அங்கே 1972 பிப்ரவரி 15 வரை ஒலிப்பதிவுகளுக்கு மத்திய காப்புரிமைச் சட்டத்தில் இடமே இல்லை. அந்த முதல் இரண்டு மூன்று வருடங்களில் அச்சான பிரதிகளுக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு உண்டு. அதே கச்சேரியை இன்றைக்கு மறுபடி அச்சடித்த தட்டுக்கு அந்த மதிப்பில் கால்வாசி கூடக் கிடையாது. ‘1970 அசல்’ என்ற இரண்டு சொற்களுக்குத்தான் நான் பணம் கொடுத்தேன். அதை அவர் கையாலேயே ரசீதில் எழுதியும் வாங்கினேன். போட்டுக் காட்டச் சொன்னதற்கு, “பிளேயர் ரிப்பேர்ல கிடக்குது தம்பி, வீட்ல போய்ப் போட்டுப் பாருங்க, எதுன்னாலும் நான் இருக்கேன்” என்றார்.

வீட்டில் பார்த்தபோது முதலில் காட்டிக்கொடுத்தது உறை. அட்டை பழசானால் காற்று படும் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுக்கும். இது உள்ளும் புறமும் ஒரே பழுப்பு. முகர்ந்தால் தேயிலை வாடை. ஐம்பது வருடம் உள்ளே தட்டு இருந்த உறையின் மேல் வட்டமாக ஒரு தேய்மானம் விழும். அதுவும் இல்லை. அந்தக் காலத்து பூட்லெக்குகளில் பாட்டுப் பட்டியலை ஒற்றைத் தாளில் அச்சடித்து வைப்பார்கள், அல்லது ரப்பர் முத்திரை குத்துவார்கள். இதிலும் ஒரு தாள் இருந்தது. ஓரத்தில் ஈரப் பஞ்சை ஒற்றினேன், சாயம் பரவியது. ஆஃப்செட் மையும் ஜெராக்ஸ் மையும் அப்படிப் பரவாது. வீட்டுப் பிரிண்டரில் எடுத்த தாள் அது.

சரி, உறையும் தாளும் மட்டும் பின்னால் செய்தவையாக இருக்கலாம், தட்டு அசலாக இருக்கலாமே என்று அடுத்ததைப் பார்த்தேன். பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வெறும் வளையம் ஒன்று வரும். அதில் மேட்ரிக்ஸ் எண், அதாவது அச்சின் அடையாள எண் கீறியிருக்கும். அந்த எண்ணும் கையெழுத்தும் 1970களின் பிரதிகளைச் சேகரிப்பாளர்கள் எடுத்து வைத்திருக்கும் படங்கள் எதனோடும் ஒத்துவரவில்லை. பிறகு ஒலியைக் கணினியில் ஏற்றி ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அலைவரிசைப் படம் எடுத்தேன். பழைய டேப்பில் மேல் அலைவரிசைகள் மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும். இதில் டேப்பின் சீறல் 16 கிலோஹெர்ட்ஸ் வரை வந்து, சுவர் எழுப்பியதுபோல் அங்கேயே நின்றது. அதற்கு மேலே ஊசி உரசும் இரைச்சல் மட்டும்தான். என் பிளேயரின் கோளாறோ என்று அதே வயரிலும் அதே அமைப்பிலும் வேறு எல்பிகளை (வினைல் தட்டுகளை) போட்டுப் பார்த்தேன், அவற்றில் அந்தச் சுவர் இல்லை. பொதுவாகத் தரம் குறைந்த எம்பி3 கோப்புகள்தான் அந்த இடத்தில் வெட்டுப்படும். எம்பி3 என்பது 1990களில் வந்தது. 1970இல் அச்சான தட்டுக்குள் அது எப்படிப் போகும்?

போன் செய்தேன். நான் இருக்கேன் என்று சொன்னவர் இப்போது சொன்னது: “இதே திருட்டு ரெக்கார்டுதானே தம்பி. எங்க போய்ச் சொல்வீங்க?”

இந்த ஒரு பதிலை நம்பித்தான் அவர் இத்தனை பேரை ஏமாற்றுகிறார். பூட்லெக்கை அனுமதி இல்லாமல் அச்சடித்தார்கள் என்பது உண்மைதான். அது பாடியவருக்கும் கம்பெனிக்கும் அச்சடித்தவருக்கும் இடையில் உள்ள வழக்கு. புதுப் பொருளைத் தேயிலைத் தண்ணீரில் நனைத்து ஐம்பது வருடப் பழசு என்று எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கியது வேறு விஷயம். அது எனக்கும் அவருக்கும் இடையில் நடந்த மோசடி. ரசீது என்னிடம் இருக்கிறது. சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன்.

இனி சித்தப்பாவின் ரெக்கார்டு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1969 நவம்பர் 9 அன்று கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் நடத்திய கச்சேரியின் பூட்லெக், ‘லைவர் தன் யூ வில் எவர் பி’. சித்தப்பா சிங்கப்பூரில் வேலையில் இருந்தபோது ஒரு கப்பல்காரரிடம் வாங்கியது. லேசாக வளைந்து, ஓரத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. பழைய ரெக்கார்டைச் சரிசெய்து தருவதும் தன் தொழில் என்று சொல்லி, அதையும் அவர் வாங்கி வைத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது கண்ணாடி மாதிரி மின்னியது. ஊசியை வைத்தால் சிம்பல் ஓசையே இல்லை, பாட்டு முழுக்க மந்தம். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து மொட்டைமாடி வெயிலில் போட்டு நிமிர்த்தினேன் என்று அவரே பெருமையாகச் சொன்னார். மே மாதத்துச் செட்டிநாட்டு வெயிலில்! வினைல் 60, 70 டிகிரிக்கே இளகிவிடும். நுண்ணிய வரிகளின் விளிம்பு மழுங்கினால் முதலில் போவது மேல்சுருதிதான். அது திரும்ப வராது. மினுமினுப்புக்குக் காரணம் கார் டேஷ்போர்டுக்குப் பூசும் பாலிஷ். அது வரிக்குள் இறங்கித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாலைநீரும் (டிஸ்டில்ட் வாட்டர்) கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் கலந்து கழுவி பாலிஷை எடுத்துவிட்டேன். மழுங்கியது மழுங்கியதுதான்.

இந்தக் கலவையை நம் வீடுகளில் கிடக்கும் பழைய 78 ரெக்கார்டுகள் மேல் மட்டும் போட்டுவிடாதீர்கள். அவை அரக்குத் தட்டுகள், ஆல்கஹால் பட்டால் கரையும். பாகவதரும் கே.பி.சுந்தராம்பாளும் அதோடு போய்விடுவார்கள். அதேபோல எல்பியைக் குழாய் வைத்த கிராமபோனில் போட்டுக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் தட்டைக் கையிலிருந்து விடாதீர்கள். அந்த இரும்பு ஊசியும் கனமான தலையும் ஒரே ஓட்டத்தில் வரியை உழுதுவிடும்.

இன்னொன்றும் அவர் விற்கிறார். சீன எழுத்து போட்ட, மெல்லிய உறையில் வந்த தைவான் தட்டுகள். 1960, 70களில் தைவானில் அச்சடித்த இவை தென்கிழக்கு ஆசியா முழுக்கப் போயின. நம் பக்கத்து வீடுகளில் நிஜமாகவே கிடைக்கக்கூடியவை. ஆனால் அவை கம்பெனி ஆல்பங்களின் நகல்கள், கச்சேரிப் பதிவு இல்லை. பிடித்தால் வாங்கிக் கேளுங்கள், பூட்லெக் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

தேவகோட்டை வீடு, பினாங்குப் பையன், தேக்குப் பெட்டி என்று இதே கதையோடு உங்களுக்கும் ஒரு ரெக்கார்டு வந்திருந்தால், அந்த வெறும் வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் படம் எடுத்து ரசீதோடு எனக்கு அனுப்புங்கள். என் தட்டில் இருக்கும் அதே கையெழுத்து உங்கள் தட்டிலும் இருந்தால், மனுவில் உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.